பல்கலைக்கழக மையத்தின் சனிக்கிழமைக் கூட்டம்: ஒரு பேப்பர் ஏஜெண்டின் மதிப்புரை

திருமங்கலத்தில் 22 வருடமாகப் பேப்பர் ஏஜென்சி நடத்துகிறேன். அதிகாலை 3.30 மணிக்கு வேன் வந்து கட்டுகளை இறக்கும். இணைப்புகளைச் செருகி, லைன் பையன்களுக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு, டீக்கடைகளுக்கு நானே கொண்டுபோய்ப் போடுவேன். ஒரு காலத்தில் 640 பிரதி போனது. இப்போது 300 போனாலே பெரிது. மதுரைக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தின் இதழியல் மையம், மாதம் ஒரு சனிக்கிழமை பொதுமக்களுக்காகக் கூட்டம் நடத்துகிறது. இதுவரை ஐந்துக்குப் போய்விட்டேன். போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கட்டணம் கிடையாது. வாசலில் இருக்கும் நோட்டில் பெயரும் ஊரும் எழுதினால் போதும். 4 மணி என்பார்கள், ஆரம்பிக்க 4.25 ஆகிவிடும். பேச்சு 40 நிமிடம்தான். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் முழுக்கக் கேள்விகளுக்கு. நான் போய்ப் பார்த்த மற்ற கூட்டங்களில் முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை என்றே முக்கால்வாசி நேரம் போய்விடும். கேள்வி கேட்கக் கை தூக்கினால் நேரமில்லை என்பார்கள். இங்கே பொன்னாடையே இல்லை. மைக் கடைசி வரிசை வரைக்கும் வருகிறது.

இரண்டாவது கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். ஓய்வு பெற்ற செய்தியாளர் ஒருவர் பழைய வழக்குகளைப் பற்றிப் பேசினார். பம்பாயில் அச்சான ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வார இதழ் இந்த மாநிலத்துக்குள்ளேயே வரக் கூடாது என்று அன்றைய சென்னை அரசு தடை போட்டது. இதழை நடத்திய ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1950-ல் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அச்சடிக்கும் சுதந்திரம் எவ்வளவு அவசியமோ அதே அளவு அதை விநியோகிக்கும் சுதந்திரமும் அவசியம், மக்கள் கைக்குப் போகாத அச்சுக்குப் பெரிய மதிப்பில்லை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 22 வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த வருடமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்கு எந்தெந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்பாடு போடலாம் என்று சொல்லும் 19(2) பிரிவில் ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தையும் சேர்த்துவிட்டது என்பதையும் அவர் விடாமல் சொன்னார்.

இன்னொரு வழக்கு, புனேவின் ‘சகால்’ நாளிதழுடையது. இத்தனை பக்கத்துக்கு இவ்வளவு விலை என்று அரசே விதிக்கலாம் என 1956-ல் ஒரு சட்டம் வந்ததாம். விலையை ஏற்றினால் வாங்குகிறவர் குறைவார், பக்கத்தைக் குறைத்தால் செய்தி குறையும், இரண்டுமே பேச்சுரிமையில் கை வைப்பதுதான் என்று 1961-ல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஒரு ரூபாய் ஏறினால் எத்தனை வீட்டில் பேப்பரை நிறுத்துவார்கள் என்று என்னைக் கேட்டால் தெருவாரியாகச் சொல்வேன்.

அன்றைக்குத்தான் நானும் எழுந்து கேட்டேன். சில வருடம் முன்பு, உள்ளூர் ஆள் ஒருவரின் மணல் விவகாரம் பேப்பரில் வந்திருந்தது. விடிவதற்குள் இரண்டு பைக்கில் ஆட்கள் வந்து, கட்டு மொத்தத்துக்கும் காசை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். மிரட்டவில்லை. “உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லையேக்கா” என்றார்கள். கமிஷன் வந்தது, விற்காமல் திருப்பி அனுப்ப வேண்டிய ரிட்டர்னும் இல்லை. “ஏம்மா, பேப்பர் வரலையே” என்று கேட்ட தமிழ் வாத்தியாரிடம், வேன் வரவில்லை சார் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, இது பேச்சுரிமையைப் பறித்தது ஆகுமா என்று கேட்டேன்.

அடிப்படை உரிமையை அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும், தனி ஆளுக்கு எதிராக முடியாதும்மா என்றார் அவர். உடனே பின்வரிசையில் ஒரு சட்டக் கல்லூரிப் பெண் எழுந்து, 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வேறு மாதிரி சொல்லியிருக்கிறது, பேச்சுரிமை உள்ள 19, உயிர் வாழும் உரிமை உள்ள 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் கேட்கலாம் என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பு என்றாள். “பாப்பா சொல்றது சரி, நான் அதைச் சேர்த்துச் சொல்லியிருக்கணும்” என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டு, தன் குறிப்பில் எழுதிக்கொண்டார். என்னைப் போலவே ஏஜென்சி வைத்திருக்கும் மேலூர்க்காரர் ஒருவர், தன் ஊரில் இப்படி நடந்தபோது பேப்பர் ஆபீஸில் விநியோகத்தைப் பார்க்கும் சர்க்குலேஷன் பிரிவுக்குப் போன் போட்டு இரண்டாவது கட்டு வரவழைத்ததாகச் சொன்னார். இது எனக்கு அன்று தோன்றாமல் போனதே என்றிருந்தது.

மே மாதக் கூட்டத்தில், 2007 மே 9 அன்று தினகரன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு இறந்துபோன 3 ஊழியர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்றோம். ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக நடந்த தாக்குதல் அது. அந்தக் காலையில் அதே பேப்பரைத்தான் நான் வீடு வீடாகப் போட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். திரையில் போடுவதெல்லாம் ஆங்கிலம். முன்வரிசை இரண்டும் பேராசிரியர்களுக்கென்று காலியாகவே கிடக்கிறது. இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். நான்காவது கூட்டத்தில் மைக் தராமல் கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். ஒருவர் தன் ஊர்க் கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றிக் கேட்ட சீட்டை, உள்ளூர் அரசியல் வேண்டாமே என்று மடித்து வைத்துவிட்டார்கள். டெல்லி வழக்கை ஒரு மணி நேரம் பேசலாம், பக்கத்துக் கண்மாயைப் பேசக் கூடாதா? கூட்டம் முடிந்ததும் நடத்துகிற அம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். ஐந்தாவது கூட்டத்தில் மைக் திரும்பி வந்தது. கண்மாய்க் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

முடிய 6.30 ஆகும். அப்புறம் பெரியார் நிலையம் வந்து பஸ் மாறி நான் வீடு சேர 8.30. தண்ணீர் கொண்டு போங்கள், பெண்கள் இரண்டு பேராகப் போங்கள். அடுத்த மாதம் தகவல் உரிமைச் சட்டம். லைன் பையன்களில் மூத்தவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். தெருவிளக்கு பற்றி மனு எழுதி வைத்திருக்கிறான். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.