எபாக்ஸிக்குக் காசு வாங்கிக்கொண்டு தார் பூசி அனுப்பினார்கள்: நேரோபோட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட், அதாவது உள்ளேயே குடியிருக்கக்கூடிய ஒடுங்கிய நீள இரும்புப் படகு வைத்திருப்பவர்களுக்கும், லண்டன் வாடகைக்குப் பயந்து படகு வாங்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆல்பர்ட்டன், சவுத்தால் பக்கம் கால்வாய்க் கரையில் நடக்கும் நம் ஆட்களில் இரண்டாவது வகையினர் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். படகின் அடிப்பகுதிக்குப் பெயின்ட் அடிக்க யார்டில், அதாவது படகுப் பட்டறையில் விட்டால், பெயின்டுக்கு முந்தைய வெறும் இரும்பை நீங்கள் நேரில் பார்க்கும்வரை அடுத்த வேலையைத் தொடங்க விடாதீர்கள். பார்க்காமல் மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள். படகு தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அதன் அடியில் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்பது அடுத்த முறை கிரேன் தூக்கும்வரை யாருக்கும் தெரியாது. எங்களை ஏமாற்றிய யார்டு இதை நன்றாகவே அறிந்து வைத்திருந்தது.

எங்கள் படகு 57 அடி நீளம், 1990களில் கட்டியது. அகலம் எல்லா நேரோபோட்டுகளையும்போல ஏழடி அகலக் கால்வாய் லாக்குக்குள் (மதகுக்குள்) நுழையும் 6 அடி 10 அங்குலம். அடித்தகடு 10 மி.மீ., பக்கத் தகடு 6 மி.மீ., கேபின் 4 மி.மீ. என்று கணக்கு. இந்தத் தடிமன்தான் படகின் ஆயுள். இரும்பு நன்னீரில் சீராகத் தேய்வதில்லை. குறிப்பாகத் தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் படும் நீர்மட்டக் கோட்டையொட்டி, பட்டாணி அளவில் குழி குழியாக அரிக்கும். மற்ற இடமெல்லாம் 6 மி.மீ. இருந்தாலும் ஒரு குழியில் 3 மி.மீ. ஆகிவிட்டால் அந்த இடத்தின் கதை வேறு.

இதைத் தடுக்கத்தான் பிளாக்கிங். வழக்கமானது பிட்டுமென், அதாவது நாம் தார் என்று சொல்லும் சாமான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை படகைத் தூக்கி, பிரஷர் வாஷ் செய்து, உதிர்வதைச் சுரண்டி, மறுபடி பூசுவார்கள். செலவு குறைவு, சொந்தமாகவே பூசிக்கொள்பவர்களும் நிறைய. இன்னொரு வழி டூ-பேக் எபாக்ஸி. இரண்டு டப்பாவைக் கலந்து பூசுகிற கெட்டிப் பெயின்ட். ஒழுங்காகச் செய்தால் பிட்டுமெனைவிடப் பல மடங்கு காலம் தாங்கும். அந்த 'ஒழுங்காக' என்பதில்தான் செலவு முழுவதும் இருக்கிறது. பழைய தார் மேல் எபாக்ஸி ஒட்டாது. கிரிட் பிளாஸ்டிங் செய்து, அதாவது கரகரப்பான துகளைக் காற்றழுத்தத்தில் அடித்து, தார், துரு எல்லாவற்றையும் எடுத்து வெள்ளிச் சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு தெரியும்வரை கொண்டுவர வேண்டும். அப்படி வந்த இரும்பு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே பழுப்பேறத் தொடங்கும், அதனால் அன்றைக்கே முதல் கோட் ஏற வேண்டும். பெரும்பாலான எபாக்ஸிகள் கடும் குளிரில் சரியாக இறுகாது. தகட்டின் வெப்பம் பனி படியும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலைக்காரர்களின் பாலபாடம்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிரேனுக்கு அழுவதைவிட ஒரே அடியாகச் செலவழித்துவிடலாம் என்று எபாக்ஸிக்குப் போனோம். லண்டனுக்கு வடக்கே கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையில் இருக்கும் ஒரு யார்டு. பெயர் இப்போதைக்கு வேண்டாம், காரணம் கடைசியில் வருகிறது. எழுத்தில் வாங்கிய கொட்டேஷனில் தெளிவாகவே இருந்தது: முழு ஹல்லும் (படகின் வெளிக்கூடு) அடித்தகடு உட்பட பிளாஸ்டிங், எபாக்ஸி நான்கு கோட், அரிப்பைத் தடுக்க நான்கு புது மெக்னீசியம் ஆனோடுக் கட்டிகள். மொத்தம் 6,000 பவுண்டுக்குச் சற்று மேல். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினோம்.

பிப்ரவரியில் படகைத் தூக்கினார்கள். கூரை கிடையாது, திறந்தவெளிக் கான்கிரீட் தளம். "இந்தக் குளிரில் எபாக்ஸி இறுகுமா?" என்று கேட்டதற்கு, "பெரிய கூடாரம் போட்டு ஹீட்டர் வைப்போம், தினமும் செய்கிற வேலைதானே" என்றார் முதலாளி. பிளாஸ்டிங் நாளில் வந்து பார்க்கலாமா என்றதும் குரல் மாறியது. பாதுகாப்பு விதி, இன்சூரன்ஸ், துகள் தெறிக்கும், வெளியாட்களை விட முடியாது. சரி, துகள் தெறிக்கும்போது வேண்டாம், முடிந்த பிறகு அரை மணி நேரம் வந்து பார்க்கிறோமே என்றோம். "அதற்குள் பெயின்ட் ஏறியிருக்கும்." இந்தப் பதிலில் ஒரு சாமர்த்தியம் உண்டு. அன்றைக்கே பெயின்ட் ஏற வேண்டும் என்பது உண்மைதான். அந்த உண்மையையே கதவாகச் சாத்திவிட்டார்கள்.

வேலை முடிந்தது என்று அழைத்தபோது படகு பளபளவென்று கறுப்பாக நின்றது. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அன்று காலையே கிரேன் வந்து நின்றது. அது வெளியிலிருந்து வாடகைக்கு வரும் கிரேன். ஒரு மணிக்குள் இறக்காவிட்டால் அடுத்த முறை கூப்பிடும் செலவு எங்களுடையது, மீதிப் பணம் வராமல் படகு இறங்காது என்றார்கள். கார்டு மெஷின் பழுதாம், பேங்க் டிரான்ஸ்பர் செய்யுங்கள் என்றார்கள். வேலை செய்த யார்டு கூலி வரும்வரை படகைப் பிடித்து வைத்துக்கொள்ள இங்குள்ள சட்டம் இடம் தருகிறது, எனவே அதில் வாக்குவாதம் செய்து பயனில்லை. ஆனால் இப்படி நெருக்கினால் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், வேலையின் தரத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகாது' என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிட்டுக் கட்டலாம். பின்னால் அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு.

மறு ஆண்டு, படகுக்கு முப்பது வயதாகிவிட்டதால் இன்சூரன்ஸ் கம்பெனி ஹல் சர்வே கேட்டது. வேறொரு யார்டில், நாங்களே அமர்த்திய சர்வேயர். தடிமன் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவியை வைக்கத் தகட்டில் சிறு சிறு இடங்களில் பெயின்டைச் சுரண்டினார். சுரண்டுவதற்கு அவ்வளவாக வேலையே இல்லை. நீர்மட்டக் கோட்டருகே கத்தி முனை பட்டதும் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையாக உரிந்து வந்தது, அதன் அடியில் செதில் செதிலாகப் பழைய துரு. மனிதர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேனிலிருந்து ஒயிட் ஸ்பிரிட்டும் வெள்ளைத் துணியும் எடுத்து வந்தார். துணியை நனைத்து ஹல்லில் தேய்த்தார். துணி பழுப்புக் கறுப்பாகிவிட்டது. இறுகிய எபாக்ஸியை ஒயிட் ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது, பிட்டுமெனைக் கரைத்துவிடும். சில பவுண்டு செலவில் நடந்த அந்தச் சோதனையில் ஆறாயிரம் பவுண்டு வேலையின் லட்சணம் தெரிந்துவிட்டது.

அடித்தகட்டில் எதுவுமே பூசப்படவில்லை. பழைய பாசித் தடம்கூட அப்படியே இருந்தது. ஆனோடுகள் புதியவைதான், ஆனால் அவற்றின் மேலும் சேர்த்துத் தாரைப் பூசியிருந்தார்கள்! ஹல்லுக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டுக் கரைவதற்காக வைப்பது ஆனோடு. அதைப் பெயின்டால் மூடிவிட்டால் தண்ணீர் படாது, தண்ணீர் படாவிட்டால் வேலை செய்யாது. பூச்சு உரிந்த இடங்களில் இரும்பு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் தண்ணீரில் நின்றிருக்கிறது. பின்பக்க நீர்மட்டத்தில் சில குழிகளில் மிஞ்சிய தகட்டின் தடிமன் 4 மி.மீ. அளவை நெருங்கிவிட்டது. இன்சூரன்ஸ்காரர்கள் பொதுவாக எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அளவே அதுதான். அதற்குக் கீழே போனால் தகடு வெல்டிங்தான், அது எபாக்ஸியைவிடப் பெரிய செலவு.

யார்டுக்கு சர்வே அறிக்கையை அனுப்பினோம். முதல் பதில், உங்கள் மூரிங்கில் (படகு கட்டும் இடத்தில்) மின்கசிவு இருக்கும், அதுதான் பெயின்டைத் தின்றிருக்கிறது என்று. கரை மின்சாரம் வழியாக ஹல் அரிப்பது உண்மையான பிரச்சினைதான். அந்த அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கேல்வனிக் ஐசொலேட்டர் இல்லாமல் கரை மின்சாரத்தில் இணைத்தே வைத்திருக்கும் படகுகள் பாழாவதுண்டு. எங்களிடம் ஐசொலேட்டர் இருக்கிறது, சோதித்த ரசீதும் இருக்கிறது. தவிர, எந்த மின்கசிவும் எபாக்ஸியைத் தாராக மாற்றாது. அப்படிக் கேட்டதும் இரண்டாவது பதில் வந்தது: "பிளாஸ்டிங் செய்ததற்குப் போட்டோ ஆதாரம் இருக்கிறது." ஆறு படங்கள். அருமையான வெறும் இரும்பு. நான்காவது படத்தில் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு துளை தெரிந்தது. அது பௌ த்ரஸ்டர் குழாய், படகின் மூக்கை இடவலமாகத் தள்ளும் சிறு மோட்டாருக்கானது. எங்கள் படகில் பௌ த்ரஸ்டர் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. யாருடைய படகோ அது. இதைச் சுட்டிக்காட்டிய பிறகு பதில் வருவது நின்றுவிட்டது. போட்டோ கேளுங்கள் என்று மட்டும் சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்: உங்கள் படகின் பதிவு எண்ணோ பெயரோ ஒரே பிரேமில் தெரியும் போட்டோ கேளுங்கள்.

சட்டப் பக்கம் எங்களுக்கு உதவியவை இரண்டு. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். இல்லையென்றால் மறுபடி செய்யச் சொல்லலாம், அது முடியாதபோது விலையைக் குறைக்கச் சொல்லலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையான பண வழக்குகள் பொதுவாக ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு வழக்குப் பிரிவில் நடக்கும், வக்கீல் இல்லாமலே போடலாம். இரண்டாவது, அந்தக் கிரெடிட் கார்டு முன்பணம். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கோ வேலைக்கோ ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும், முழுத் தொகைக்கும் கார்டு கம்பெனியும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கும் பேங்க் டிரான்ஸ்பருக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. மெஷின் அன்றைக்கென்று பழுதானது தற்செயலா என்று எனக்குத் தெரியாது, ஆனால் இனிமேல் கார்டு மெஷின் இல்லாத யார்டுக்கு நான் போகப்போவதில்லை.

படகு வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் சேதி உண்டு. விளம்பரத்தில் 'சமீபத்தில் பிளாக்கிங் செய்தது' என்று இருந்தால் அது ஹல்லைப் பற்றி எதையும் சொல்வதில்லை, புதுக் கறுப்புக்கு அடியில் எவ்வளவு குழியும் ஒளிந்திருக்கலாம். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் போட் சேஃப்டி சான்றிதழும் ஹல் தடிமனைப் பார்ப்பதில்லை. அது காஸ், மின்சாரம், எரிபொருள், காற்றோட்டம் போன்றவற்றுக்கு மட்டும். விற்பவர் நீட்டும் பழைய சர்வேயை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீங்கள் காசு கொடுத்து, நீங்கள் தேர்ந்த ஆளைக் கொண்டு, தண்ணீருக்கு வெளியே பார்க்க வையுங்கள். அப்போதுதான் அறிக்கை தப்பானால் நீங்கள் அந்த சர்வேயரைக் கேள்வி கேட்க முடியும்.

ஹல் வேலைக்கு யார்டு தேடுகிறவர்கள் போனிலேயே கேட்டுவிடுங்கள்: பிளாஸ்டிங் முடிந்ததும் முதல் கோட்டுக்கு முன் நான் வந்து பார்க்கலாமா, பார்க்க முடியாத நாளில் என் சர்வேயர் வரலாமா? நல்ல யார்டுகள் இதற்குத் தயங்குவதில்லை. இப்போது எங்கள் படகு நிற்கும் இடத்தில் அவர்களே "எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டார்கள். என் மனைவி போய்த் தகட்டைத் தொட்டே பார்த்துவிட்டு வந்தாள், உப்புத்தாள் மாதிரி இருந்ததாம். பணத்தையும் பிரித்துக் கட்டுங்கள்: தூக்கும்போது ஒரு பங்கு, வெறும் இரும்பைப் பார்த்ததும் ஒரு பங்கு, கடைசிக் கோட் இறுகிய பிறகு மிச்சம்.

கார்டு கம்பெனி முதலில் மழுப்பியது. சர்வே அறிக்கையையும் அந்த நான்காவது படத்தையும் சேர்த்து அனுப்பிய பிறகு கோரிக்கையைப் பரிசீலனைக்கு எடுத்திருக்கிறார்கள். யார்டுக்கு வழக்குக்கு முந்தைய கடிதம் போய்விட்டது, கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. அதனால்தான் பெயர் எழுதவில்லை. கிராண்ட் யூனியனின் தெற்குப் பகுதியில் அண்மையில் திறந்தவெளி யார்டில் எபாக்ஸி அடித்தவர்கள் யாராவது இருந்தால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கைக்கு எட்டும் இடத்தில், ஒயிட் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு தேய் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் எனக்கு எழுதுங்கள், அந்த யார்டு அதுதானா என்று தனியாகச் சொல்கிறேன்.