சுங்கை சிப்புட்டில் காரசாரமான பர்கர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் நல்ல பர்கர் சாப்பிட வேண்டுமானால் பகலில் தேடாதீர்கள். பொழுது சாய்ந்து, பெரிய குடைக்கு அடியில் கல் சூடேறிய பிறகுதான் அதற்கு நேரம். பக்கத்து நகரமான ஈப்போவில் தம்பி மகன் ஒரு குளுகுளு கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். தொடுதிரையில் ஆர்டர் கொடுத்து, மிளகாய்ப் படம் போட்டதையே வாங்கினோம். காரமா அது? இனித்தது. விலை மட்டும் நன்றாக உறைத்தது.

ரோட்டோர ஒட்டுக்கடைகளில் பெரும்பாலும் ரம்லி நிறுவனத்தின் இறைச்சி வில்லைதான். 1970களின் இறுதியில் ஒரு தம்பதி சிறிய அளவில் தொடங்கிய தொழில், இன்று மலேசியாவில் ரோட்டோர பர்கர் என்றாலே அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. வில்லை ஒன்றே என்பதால் கடைக்குக் கடை ருசி மாறுவது கல்லில் நிற்பவரின் கைப்பக்குவத்தால்தான். வில்லையின் நடுவே கத்தியால் பாதி கீறி விரித்துப் போடுகிறாரா, ரொட்டியை மார்ஜரின் தடவி வாட்டுகிறாரா என்று பாருங்கள். 'ஸ்பெஷல்' என்று கேட்டால் முட்டையைக் கல்லில் மெல்லிசாகப் பரப்பி, வில்லையை நடுவில் வைத்து, வெற்றிலை மடிப்பதுபோல் நாலு பக்கமும் மடித்துத் தருவார்கள். இறைச்சி வேண்டாதவர்களுக்கு முட்டை மட்டும் வைத்த 'பெஞ்சோ' உண்டு.

உறைப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். மலாயில் 'பெடாஸ்', அதாவது காரம், என்று மட்டும் சொன்னால் மிளகாய் சோஸைக் கூடுதலாகப் பிழிந்துவிடுவார்கள். அந்த சோஸில் சர்க்கரைதான் தூக்கல். சோஸைக் குறைத்து, மிளகுத்தூளைக் கூட்டச் சொல்லுங்கள். வில்லை கல்லில் இருக்கும்போதே மிளகைத் தூவ வேண்டும். மேலே தூவினால் மூக்குக்குத்தான் காரம்.

இதெல்லாம் மலாய்க் கடைகளைப் பற்றியது. எனக்கு இந்தத் தடவை கிடைத்த புதையல், பெரிய சாலையிலிருந்து செம்பனைத் தோட்டத்துப் பக்கம் திரும்பும் வழியில் ஒரு தமிழ்த் தம்பி போட்டிருக்கும் கடை. கோழியும் ஆடும் மட்டும்தான், மாட்டிறைச்சி அந்தக் கல்லில் ஏறுவதே இல்லை. அதனால் என் அத்தைகூட வந்து உட்கார்ந்தார். மற்ற கடைகளில் "கல்லு ஒண்ணுதானே" என்று தண்ணீர்கூடக் குடிக்காதவர் அவர்.

"அண்ணே, வீட்டுக் காரமா, கடைக் காரமா?" என்று கேட்டான் தம்பி.

"வீட்டுக் காரமே போடுப்பா."

கோழி வில்லை வெந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்த சட்டியிலிருந்து ஆட்டு வறுவலை ஒரு கரண்டி அள்ளிக் கல்லில் போட்டான். சோம்பும் மிளகும் தட்டிப்போட்ட, கறுத்துச் சுருண்ட வறுவல். அது எண்ணெய் விட்டதும் ஒரு கொத்து கறிவேப்பிலை. படபடவென்று பொரிந்தது. மயோனிஸ் கிடையாது; பச்சை வெங்காயமும் வெள்ளரியும் மட்டும். முதல் கடியில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது கடியில் மிளகு தொண்டையைப் பிடிக்கும். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே முழுசாகச் சாப்பிட்டார். நான் இப்போது இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. அங்கே 'ஸ்பைசி' என்று எழுதியிருப்பதை நம்புவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

குறை சொல்ல வேண்டுமென்றால் ரொட்டி. கடைசியில் எண்ணெய் ஊறிக் கையோடு வந்துவிடுகிறது. பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் இன்னும் மோசம். அங்கேயே நின்று சாப்பிடுவதுதான் சரி.

காசு விஷயம். கடைக்குக் கடை, கைப்பேசியில் பணம் கட்டுவதற்கான டூயிட்நவ் கியூஆர் அட்டை தொங்குகிறது. உள்ளூர் வங்கிக் கணக்கை மூடிவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு அது பயன்படவில்லை. வெளிநாட்டு வங்கி அட்டையைத் தேய்க்கும் இயந்திரமும் ஒட்டுக்கடையில் இருக்காது. சில்லறை வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்; ஐம்பது வெள்ளியை நீட்டினால் தம்பி பக்கத்துக் கடைக்கு ஓடுகிறான். வாடகைக் காரும் ராத்திரியில் செயலியில் லேசில் சிக்குவதில்லை, சொந்தக்காரர் வண்டியை நம்பிப் போவது நல்லது.

வறுவல் சட்டி ஒன்றுதான், அவன் அம்மா வீட்டில் செய்து அனுப்புவது. ஒன்பது மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் வெறும் கோழி ஸ்பெஷல்தான் கிடைக்கும். புரட்டாசியில் வருகிறவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், மாதம் முழுக்கக் கடைக்கு லீவு.