பட்டுப் புடவையில் ஒட்டாத மேக்கப்: நான்கு வருட அனுபவம்

தி.நகரில் ஒரு துணிக்கடையில் பட்டுப் புடவை கவுண்டர் எனக்கு. காலை 9.30-க்கு நின்றால் இரவு 9.30 வரை நிற்க வேண்டும். (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறது. சீசனில் அதன் மேல் புடவைதான் உட்கார்ந்திருக்கும்.) “நீ கொஞ்சம் போட்டுக் காட்டும்மா” என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. அப்போது முந்தானையை என் தோளில் விரித்து, தாடைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்ட வேண்டும்.

முதல் தீபாவளி சீசனில் சந்தன நிறப் புடவை ஒன்றை அப்படித்தான் காட்டினேன். எடுத்தபோது அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்கு என் ஃபவுண்டேஷன், அதாவது முகத்தில் பூசும் தோல் நிறப் பூச்சு. அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. டிரை கிளீனிங் செலவும் என் தலையில்தான் விழுந்தது. மேக்கப்பை எப்படி அடுக்க வேண்டும் என்று நான் யோசிக்கத் தொடங்கியது அந்தக் கறைக்குப் பிறகுதான்.

அதுவரை நான் செய்தது இதுதான்: கலையக் கூடாதென்றால் நிறையப் போட வேண்டும். வீட்டிலேயே கிரீம், ஃபவுண்டேஷன், அதன் மேல் காம்பேக்ட் பவுடர் எல்லாம் பூசிவிட்டு குரோம்பேட்டையில் ரயில் ஏறுவேன். மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவைக் கடப்பதற்குள் மூக்கோரம் பிளந்துவிடும். அதை மறைக்க இன்னொரு கோட் பவுடர். மதியத்துக்குள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர், சாயங்காலம் அதே சுவர் மழையில் நனைந்த மாதிரி.

இப்போது வீட்டில் சன்ஸ்கிரீன் மட்டும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகம் கழுத்து இரண்டுக்கும் தடவிக்கொண்டு கிளம்புகிறேன். ரயிலில் 20 நிமிடத்துக்கு மேல் ஆகிறது இல்லையா, அதற்குள் அது தோலில் படிந்துவிடும். கடைக்கு வந்ததும் ஏசியில் ஐந்து நிமிடம் நின்று, வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பேன். துடைக்கக் கூடாது, துடைத்தால் சன்ஸ்கிரீனும் கூடவே போய்விடும். அதன் பிறகுதான் மற்றதெல்லாம். நான்கு வருடத்தில் எனக்கு அதிகப் பலன் தந்த மாற்றம் இதுதான். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

ஃபவுண்டேஷனுக்கு முன்னால் அடிப்பூச்சாகப் போடுகிற பிரைமர் கதை வேறு. தோழி சொன்னாள் என்று ஒன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். அதன் மேல் ஃபவுண்டேஷனைத் தேய்த்தால் அழுக்கு உருட்டின மாதிரி திரிதிரியாக வந்தது. போலிச் சரக்கோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். விஷயம் வேறு. பிரைமரில் முதலில் இருந்தது டைமெதிகோன், அதாவது சிலிகோன். அப்போது என்னிடம் இருந்த ஃபவுண்டேஷனோ தண்ணீர் அடிப்படை. வழுவழுப்பான சிலிகோன் மேல் தண்ணீர்ச் சரக்கு சரியாகப் பிடிக்காது. அதைத் தேய்க்கவும் தேய்த்தால் கேட்கவே வேண்டாம். அட்டையில் உள்ள பட்டியலில் “கோன்”, “சிலாக்சேன்” என்று முடியும் பெயர்கள் முன்வரிசையில் இருந்தால் சிலிகோன் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இனமாக இருந்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. இப்போது பிரைமரை மூக்கிலும் அதன் இரு பக்கமும் மட்டும், பட்டாணி அளவில் பாதி எடுத்து ஒற்றுகிறேன். கன்னத்துக்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

இப்போதைய ஃபவுண்டேஷன் மேபலின் ஃபிட் மீ, பளபளக்காத மேட் வகை. மூன்றாவது பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. நிறத்தைக் கையில் போட்டுப் பார்க்காதீர்கள், தாடையில் போட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். தோலின் எண்ணெய் கலந்ததும் பல ஃபவுண்டேஷன்கள் ஒரு படி கருக்கும். ஈரமான ஸ்பாஞ்சால் முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, இரண்டு நிமிடம் சும்மா இருப்பது, தேவையான இடத்தில் மட்டும் இன்னொன்று. அந்த இரண்டு நிமிடத்தில் தலை வாரிக்கொள்கிறேன். கழுத்துக்கு ஃபவுண்டேஷனே கிடையாது. புடவை படுகிற இடம் அது. முகத்தின் நிறம் சரியாக அமைந்துவிட்டால் கழுத்தில் பூச வேண்டிய அவசியமும் இல்லை.

கன்னச் சிவப்புக்குக் கிரீம் வகை என்றால் பவுடருக்கு முன், பவுடர் வகை என்றால் பின். பவுடர் மேல் கிரீமைத் தடவினால் திட்டுத்திட்டாகிவிடும். பவுடரைத் தேய்க்காமல் பஃபால் அழுத்தி எடுக்க வேண்டும். அம்மாவின் குட்டிக்கூரா பவுடர் பழக்கம் கையைவிட்டுப் போக எனக்கு ஒரு வருடம் ஆனது! எச்டி என்று விற்கிற வெள்ளைப் பவுடரை மட்டும் குறைவாகப் போடுங்கள். அதில் உள்ள சிலிக்கா ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கல்யாணப் பெண் ஒருத்தி புடவையோடு என்னைப் படம் எடுத்தாள், அதில் என் கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளை நிலா.

கடைசியாக மேக்கப் கலையாமல் பிடித்து வைக்கிற செட்டிங் ஸ்பிரே, குலுக்கிவிட்டு ஒரு முழ தூரத்திலிருந்து இரண்டே முறை அடிப்பேன். அதில் உள்ள பாலிமர் காய்ந்து மெல்லிய படலமாக நிற்கிறது. காயும் வரை முகத்தைத் தொடாமல் இருக்க வேண்டும், சிரிக்கவும் கூடாது. எங்கள் ஓய்வறையில் அது முடிகிற காரியமா?

லிப்ஸ்டிக்குக்கு ஒரு கோட், டிஷ்யூவில் ஒற்றல், டிஷ்யூ மேலாகவே துளி பவுடர், மறுபடி ஒரு கோட். காபி, தயிர் சாதம் வரை தாங்குகிறது. வடை சாப்பிட்டால் முடிந்தது கதை. காய்ந்து ஒட்டிக்கொள்கிற லிக்விட் வகையும் எண்ணெய் பட்டால் கரையும், அதுவும் உதட்டின் நடுவில்தான் முதலில்.

மதியம் இரண்டு மணிக்கு முகத்தில் எண்ணெய் வழியும். நேரே காம்பேக்ட் எடுக்காமல் முதலில் டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, நெற்றி, மூக்கில் மட்டும் பவுடர். இந்த ஒரு வேலையோடு இரவு எட்டு வரை நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் மூக்கு நுனி தெரியத்தான் செய்யும், நான் விட்டுவிடுகிறேன்.

இரவு கழுவுவதுதான் சலிப்பு. ஃபேஸ்வாஷ் மட்டும் போட்டால் இந்த அடுக்குகள் முழுசாகப் போவதில்லை. முதலில் தேங்காய் எண்ணெயால் கரைத்துத் துடைத்து, பிறகு ஃபேஸ்வாஷ். என் தோலுக்கு ஒத்துக்கொண்டது, பரு வரும் முகம் என்றால் வேறு கிளென்சர் பாருங்கள். ஸ்பாஞ்சையும் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி மின்விசிறிக்கு அடியில் காயவைக்கிறேன். ஓய்வறையில் பொதுவாகக் கிடக்கிற பஃபை ஒரு வாரம் உபயோகித்துத் தாடை முழுக்கப் பொரிப்பொரியாக வந்தது. அதிலிருந்து என் பஃபை டிபன் பையில் ஒளித்து வைக்கிறேன்.

காஜலுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. என்ன செய்தாலும் ஆறு மணிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. போன மாதத்திலிருந்து கீழ் இமையை விட்டுவிட்டு, மேலே லைனர் மட்டும் போடுகிறேன். “என்னடி, தூங்கி எழுந்து வந்தியா?” என்று பக்கத்து கவுண்டர் அக்கா தினமும் கேட்கிறார்.