மழையா, பலாவா? மூன்றாம் வகுப்பு வருணனைக்கு எது தோது?

கடலூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பருவத்தை வைத்து வருணனை சொல்லித்தருவது என்றால் முதலில் கை போவது மழைக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். பள்ளியும் நடக்கிற நேரம். இருந்தாலும் என் ஓட்டு பலாவுக்கு.

மழை என்றதும் பிள்ளைகள் கதைக்குப் போய்விடுகிறார்கள். "மழை பெய்தது. லீவு விட்டார்கள். அப்பா வண்டி நின்றுவிட்டது." கதை நன்றாகத்தான் இருக்கிறது. மழை எப்படி இருந்தது என்பதுதான் அதில் இல்லை. இன்னொன்று, 2024 ஃபெஞ்சல் புயலை அடுத்து தென்பெண்ணை வெள்ளம் புகுந்த பகுதிகள் இங்கே உண்டு. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிள்ளையிடம் "மழையின் அழகை எழுது" என்று சொல்ல எனக்கு மனசு வராது. தானாக எழுத வந்தால் எழுதட்டும்.

பலாவில் கதைக்கு இடம் குறைவு. ஜூனில் பள்ளி திறக்கும்போது பண்ருட்டிப் பழம் இன்னும் கிடைக்கும். வெட்டுவதற்கு முன்பே, கண்ணை மூடி முள்ளைத் தடவச் சொல்லுங்கள். குத்துகிறதா, உறுத்துகிறதா? இரண்டும் ஒன்றில்லை என்று பிள்ளைகளே சண்டை போடுவார்கள். அப்புறம் வாசனை, கத்தியில் ஒட்டும் பால், கையில் தடவும் எண்ணெய், வழுக்கி ஓடும் கொட்டை. "இனிப்பாக இருந்தது" என்று எழுதி நிறுத்தும் பிள்ளையிடம், "விரலைச் சேர்த்துப் பிரி, என்ன ஆகுது?" என்று கேளுங்கள். "விரலும் விரலும் ஒட்டிக்கிட்டு விட மாட்டேங்குது" என்று வரும். அதைத் திருத்தாமல் அப்படியே எழுத விடுங்கள். அன்றைக்கு மட்டும் 'அழகான', 'அருமையான' இரண்டுக்கும் தடை.

சிரமமும் உண்டு. பலா நன்றாக வரும் மே மாதம் விடுமுறையில் போய்விடும். நாற்பது பிள்ளைக்கு ஒரு பழம் என்றால் சுளை எண்ணித்தான் கொடுக்க வேண்டும்.

மார்கழிப் பனி அழகு. ஆனால் தொட எதுவும் இல்லை, அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் அதை விழுங்கிவிடும். ஓரளவு எழுதப் பழகிய பிள்ளைகளுக்குச் சரி. உறைபனியும் பனிமனிதனும் அச்சடித்த பயிற்சித்தாள் வேண்டவே வேண்டாம். இங்கே பார்த்த பிள்ளை யார்?

மழையை ஒதுக்கச் சொல்லவில்லை. பலாவில் பழகிய பிறகு ஐப்பசியில் எடுக்கலாம், அதுவும் சத்தம் மட்டும். தகரக் கூரையில் எப்படி விழுகிறது, வாழையிலையில் எப்படி விழுகிறது? ஆளுக்கு இரண்டு வரி எழுதினால் போதும்.