வீட்டுப் பட்டறைக்கு எந்த லேத்: புது மினியா, பழைய மைஃபோர்டா?

லேத் (கடைசல் இயந்திரம்) சுழற்றக்கூடிய அதிகபட்ச விட்டமான ஸ்விங் அளவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எங்கும் கிடைக்கும் சீனத் தயாரிப்பான 7x14 மினி லேத்திலும், 1946-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மைஃபோர்டு எம்எல்7-இலும் பெட்டுக்கு (லேத்தின் அடித்தண்டவாளம்) மேல் 7 அங்குலம், அதாவது சுமார் 180 மி.மீ. விட்டம் சுழலும். அந்த விட்டத்தைக் கடையும் வலு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

100 மி.மீ. வார்ப்பிரும்பு வட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர் என்றால் ஸ்பிண்டில் (கடையும் பொருளைச் சுழற்றும் தண்டு) நிமிடத்துக்கு 64 சுற்றுதான் ஓட வேண்டும். மினியில் வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மின்னணுக் கட்டுப்பாடு. சுற்றைக் குறைக்கக் குறைக்க மோட்டார் தரும் பவரும் குறையும். டூல் கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே சக் (பொருளைப் பிடிக்கும் கவ்வி) நின்றுவிடும். மைஃபோர்டில் பேக் கியரை (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரத் தொகுதி) போட்டால் மோட்டார் முழு வேகத்தில் ஓட, ஸ்பிண்டில் மெதுவாகச் சுற்றும், முறுக்குவிசை பல மடங்கு கூடும். பார்ட்டிங்குக்கும் (துண்டாக அறுத்தெடுப்பது) பெரிய மரை வெட்டுவதற்கும் இதற்கு ஈடில்லை.

மினிக்கும் நல்ல பக்கம் உண்டு. ஸ்பிண்டில் துளை 20 மி.மீ.; எம்எல்7-இல் சுமார் 15 தான். சக் போல்ட்டில் நிற்பதால் ரிவர்ஸில் கழன்று வராது. மைஃபோர்டு சக் மரையில் ஏறுவது, கழலும். மினியின் எடை 40 கிலோ அளவில் இருப்பதால் இருவர் தூக்கி மேசையில் வைத்துவிடலாம்.

ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் மினியை ஓட்டாதீர்கள். கிரீஸை மண்ணெண்ணெயில் துடைத்து, உள்ளே கிடக்கும் பிசிறுகளை அகற்றுங்கள். பிறகு கிப் (ஸ்லைடின் ஆட்டத்தை எடுக்கும் பட்டை) ஸ்க்ரூவை, டூலைத் தாங்கி நகரும் ஸ்லைடு பிடிக்கும் வரை இறுக்கி, லேசாகத் தளர்த்தி, லாக் நட்டைப் பூட்டுங்கள். கிப் தளர்ந்திருந்தால் பார்ட்டிங் டூல் அதிர்ந்து, கடையும் பொருளுக்குள் இழுபட்டு உடையும். பல மாடல்களில் ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதி) கியர் பிளாஸ்டிக். டூல் மாட்டிக்கொண்டால் முதலில் போவது அதன் பல்தான். ஒரு செட் கூடுதலாக வைத்திருங்கள்.

பழையதில் பெட் தேய்மானம்தான் பெரிய ஆபத்து. சக்குக்கு அருகே சேடிலின் (பெட் மீது டூலைத் தாங்கி நகரும் பகுதி) கிப்பை ஆட்டமில்லாமல் இறுக்கி, மறுமுனையான டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். அங்கே இறுகிப் பிடித்தால் சக் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை கிப்பால் சரிசெய்ய முடியாது. நீளமான தண்டு கூம்பாகவே கடையப்படும். அடுத்து, சக்கில் தடித்த கம்பியைப் பிடித்து, டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவி) ஸ்பிண்டிலில் வைத்து மேலே நெம்பிப் பாருங்கள். பேரிங் ஆட்டம் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், சரிசெய்ய வழியுண்டு. மைஃபோர்டின் லீட் ஸ்க்ரூ (மரை வெட்ட சேடிலை நகர்த்தும் திருகு) 8 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 8 மரை என்பதால், துல்லியமான மெட்ரிக் மரைக்கு 127 பல் கியர் வேண்டும். அப்போது ஹாஃப் நட்டை (சேடிலை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் பிடி) திறக்காமலே பின்னே வர வேண்டும்.

ஷெர்லைன் போன்ற 3.5 அங்குல லேத் கடிகாரம், மாடல் உதிரிகளுக்கு அருமை; எஃகுத் தண்டுக்கு அல்ல.

பித்தளை, அலுமினியம், 40 மி.மீ.க்குள் எஃகு என்றால் மினி போதும். வார்ப்பிரும்பு வட்டும் கனமான மரையும் அடிக்கடி வருமென்றால், பெட் சோதனையில் தேறிய மைஃபோர்டை எடுங்கள். சேஞ்ச் கியர்கள் (மரை அளவுக்கேற்ப மாற்றும் பல்சக்கரங்கள்) முழுசாக இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.