பொமோடோரோவா, விடிகாலை நேரமா?

நிறைய வேலை முடிப்பவர்களின் பழக்கம் என்று இரண்டை அடிக்கடி சொல்கிறார்கள். ஒன்று பொமோடோரோ. டைமர் வைத்து 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுக்கு ஒருமுறை நீண்ட ஓய்வு. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ தன் மாணவப் பருவத்தில் உருவாக்கியது. இன்னொன்று, நாளில் ஒரு நேரத்தை ஒரே வேலைக்கு ஒதுக்கி, வேறெதையும் உள்ளே விடாமல் இருப்பது. பாம்பனில் ஐஸ் கம்பெனிக்கும் வலைக்கடைகளுக்கும் கணக்கு எழுதும் நான் இரண்டையும் பார்த்துவிட்டு, காலை நான்கு முதல் ஏழு வரை என்று இரண்டாவதை வைத்துக்கொண்டேன்.

கைவைக்கவே தயங்கும் வேலையைத் தொடங்க டைமர் நல்லது. செலவும் இல்லை. சரி, அதில் மறுபேச்சில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது பராமரிப்பு. ஒரு பழக்கம் நடுவில் அறுந்தால் திரும்பக் கட்ட எவ்வளவு பாடு? பொமோடோரோவில் சுற்று பாதியில் கலைந்தால் அது செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். படகுகள் கரைக்கு வந்துவிட்டால் ஐஸ் பில் கேட்டு ஒருவர், டீசல் கணக்கு கேட்டு இன்னொருவர் என்று போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சுற்று போய்விடும். மதியத்துக்குள் கணக்கை விட்டுவிட்டு டைமரைக் கவனிக்கும் நிலை வந்துவிடுகிறது.

விடிகாலை நேரத்தை ஒரு நாளில் ஒரு தடவை தொடங்கினால் போதும். 11-ம் தேதி, 20-ம் தேதி ஜிஎஸ்டி கெடுவுக்கான கடினமான சரிபார்ப்பெல்லாம் அதற்குள் முடிந்துவிடும். ஏழு மணிக்கு மேல் என்ன கலைந்தாலும் முக்கியமான வேலை தப்பிவிட்டது. ஒரு நாள் விட்டுப்போனாலும் மறுநாள் நான்கு மணி தானாக வரும், பழைய பாக்கி எதுவும் சேராது. முந்தைய இரவே பில்களை அடுக்கி வைத்துவிட வேண்டும், ஒன்பதுக்குப் படுத்துவிட வேண்டும். கல்யாண சீசனில் இந்த ஒன்பது மணிதான் பெரிய விலை.

இங்கே பாக் நீரிணையில் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. நாள் முன்கூட்டியே பிரிந்திருப்பதால் தினமும் கரையில் பேரம் பேச வேண்டியதில்லை. நேரத்தை ஒதுக்கிவிட்டால் எனக்கும் அப்படித்தான், எந்த வேலையை முதலில் எடுப்பது என்ற யோசனையே எழுவதில்லை. அப்துல் கலாமும் இராமேஸ்வரத்தில் சிறுவனாக இருந்தபோது நான்கு மணிக்கு எழுந்து கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டு, பேப்பர் போடுவதை அதற்குப் பிறகுதான் வைத்துக்கொண்டார். கடினமானது முதலில் என்ற அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போன் அடங்கிவிடும். அப்போது பகலில் டைமரையும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் நான் தனியாக வேலை செய்பவன். பத்துப் பேர் உட்காரும் அலுவலகத்துக்கு இதை அப்படியே சொல்ல மாட்டேன். நான்கு மணிக்கு அடுப்பு மூட்டும் பெண்களுக்கும் இந்த நேரம் ஒத்துவராது. எங்கள் மதினி பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் பத்து முதல் பன்னிரண்டு வரை தையலுக்கு என்று வைத்திருக்கிறார், அவருக்கு அது நிலைத்திருக்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எந்த நேரமும் நம் கையில் இல்லை. அங்கே 25 நிமிட டைமர்தான் தோது.