தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் கள்ளிகளும் கார்த்திகை மழையும்

கள்ளிச்செடிகளுக்கு யூடியூபில் சொல்கிற குளிர்காலப் பராமரிப்பில் பாதி நமக்கு ஒத்துவராது. உறைபனிக்குப் பயந்து செடியை வீட்டுக்குள் தூக்கிவைக்கிற ஊர்க்காரர்களுக்கான பேச்சு அது. இங்கே மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கோல்டன் பேரல், மாமிலேரியா மாதிரிக் கள்ளிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நம் செடிகளுக்கு எமன் ஐப்பசி, கார்த்திகை மழைதான். வருடம் முழுக்கச் சென்னையில் பெய்வதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது.

பல வருடமாக மாடியில் வைத்துப் பார்த்ததில் என் முதல் சிபாரிசு கூரை. சாதா பாலித்தீன் ஒரு கோடை வெயிலிலேயே நொறுங்கிவிடும், பாலிகார்பனேட் ஷீட் விலை கூடுதல் என்றாலும் வருடக்கணக்கில் உழைக்கிறது. பச்சை வலை வெயிலுக்கு மட்டும்தான், மழையை அது தடுக்காது. காசிமேடு பக்கமிருந்து சாரல் சாய்வாக அடிப்பதால் கிழக்கே ஒரு ஷீட்டைத் தொங்கவிடுங்கள், ஆனால் மற்ற பக்கங்களை அடைக்காதீர்கள், காற்று நின்றுபோனால் பூஞ்சை வந்துவிடும். முதல் மழையில் மட்டும் நான் நனையவிடுவேன், கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற கரிப்புழுதி முள்ளுக்கிடையில் அப்பியிருக்கும், அதை இறக்க மழையைப்போல் வேறில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் வேறு கணக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தொட்டிகளை மாடிப்படிக்கு இறக்கிவிட்டோம், படிக்கட்டு இருட்டில் சில நாள் கிடந்தும் செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் மண். சலித்த செங்கல் ஜல்லியும் பெர்லைட்டும் (தண்ணீர் வடிய மண்ணில் கலக்கிற லேசான வெள்ளைத் துகள்) முக்கால் பங்கு, மீதி மக்கிய உரம். ஜல்லியைக் கழுவித் தூளைப் போக்காவிட்டால் அது அடியில் சேறாக இறுகி வேரை மூச்சுமுட்ட வைக்கும். நர்சரியில் வாங்குகிற செடி பெரும்பாலும் தேங்காய்நார்த் தூளில்தான் வரும், மழைக்கு முன்பே அதை உதறிவிட்டு மாற்றுங்கள்.

இவ்வளவு பார்த்தும் அழுகல் வந்தால் விரலே காட்டிக்கொடுக்கும், அடித்தண்டு லேசாக அமுங்கி, பழுப்பேறி, புளித்த வாடை அடிக்கும். கத்தியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து மெல்லிய வில்லையாகச் சீவிக்கொண்டே மேலே போக வேண்டும். நடுவில் ஒரு வளையம் தெரியும், அதில் செம்புள்ளி ஒன்று மிச்சமிருந்தாலும் இன்னொரு வில்லை சீவுங்கள். சுத்தமானதும் வெட்டுவாயை ஒரு வாரத்துக்கு மேல் நிழலில் காயவிட்டு, காய்ந்த மண்மேல் சும்மா உட்காரவைத்தால் போதும், வேர் எட்டிப்பார்க்கும்வரை தண்ணீர் கிடையாது. தலைப்பக்கம் நன்றாக இருந்த ஜிம்னோகாலிசியம் கள்ளி ஒன்று இப்படித்தான் எனக்குப் பிழைத்தது.

தண்ணீரில் எல்லாச் செடிக்கும் ஒரே விதி கிடையாது. அடீனியம் குளிரில் இலையை உதிர்த்தால் தாகம் என்று நினைத்து ஊற்றாதீர்கள், கிழங்கு கெட்டியாக இருக்கும்வரை அது ஓய்வில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். கற்றாழை இனத்துச் சின்னச் செடியான ஹவோர்த்தியா அதற்கு நேர்மாறு, கோடையில் சுருங்கிக் கிடந்தது இந்தக் குளிர்ச்சியில்தான் புது இலை விடும், மண் காயக் காய ஊற்றலாம். இவை இரண்டும் கள்ளியல்ல, கள்ளிகளுக்குப் பொங்கல் தாண்டி, மண் அடிவரை காய்ந்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்து, காலையில் கொடுக்க ஆரம்பிக்கிறேன். மாவுப்பூச்சி தெரிவதும் அப்போதுதான், இயர்பட்ஸை ஸ்பிரிட்டில் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள்.